அரசு விதிகளின் நகலுக்கு எவ்வளவு கட்டணம்? எங்கே இலவசம், எங்கே பக்கத்துக்கு 2 ரூபாய், எங்கே ஏமாறுகிறோம்: முழுமையான வழிகாட்டி

வீடு கட்ட அனுமதி கேட்டுப் போனால், "பக்கவாட்டில் இத்தனை மீட்டர் விட வேண்டும், விதியில் இருக்கிறது" என்பார்கள். அந்த விதியைக் காட்டுங்கள் என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். "புத்தகம் வெளியே கிடைக்கும்", "அதெல்லாம் ஆபீஸ் காப்பி", "ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட்டு வாங்கிக்கங்க." நம்மைக் கட்டுப்படுத்தும் விதியைப் படிக்கவே பணம் கட்ட வேண்டுமா என்ற கேள்வி அங்கேதான் எழும்.

விதிக்கு விலை கிடையாது. தாளுக்கும் தபாலுக்கும்தான் காசு. கட்டணக் கடிதத்தில் தாள், தபால், விலையிட்ட புத்தகம், கோப்பை நேரில் பார்க்கும் ஆய்வு நேரம் ஆகிய நான்கைத் தாண்டி ஏதாவது வரி இருந்தால் அந்த வரியைக் கேள்வி கேளுங்கள். வெளியிடாத சட்டத்தைக் காட்டி ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1951-லேயே ஹர்லா வழக்கில் சொல்லிவிட்டது. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் அபின் சட்டம் அரசிதழிலோ வேறு எங்குமோ வெளியிடப்படவில்லை என்பதால் அந்தத் தண்டனை ரத்தானது.

முதல் படி: கேட்பது என்ன வகை ஆவணம்?

அலுவலகத்தில் "ரூல்ஸ்" என்று வாயால் சொல்வது ஐந்தாறு வகையான காகிதங்களில் எதுவாகவும் இருக்கலாம். சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றியது சட்டம். அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் அரசு போடுவது விதி. வாரியம், ஆணையம் போன்ற அமைப்புகள் போடுவது ஒழுங்குமுறை. துறைச் செயலகம் வெளியிடுவது அரசாணை. துறைத் தலைவர் கீழ் அலுவலகங்களுக்கு அனுப்புவது சுற்றறிக்கை. இவற்றோடு தொழில்நுட்பத் தரநிலைகள் தனி. முதல் மூன்றும் அரசிதழில் கட்டாயம் இருக்கும். அரசாணை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சுற்றறிக்கை பெரும்பாலும் கோப்புக்குள்ளேதான் கிடக்கும். எங்கே தேடுவது, எதற்குக் காசு கொடுப்பது என்பதெல்லாம் இந்தப் பிரிவினையைப் பொறுத்தது.

அதனால் எதிரே இருப்பவரிடம் நகல் கேட்பதற்கு முன் எண்ணைக் கேளுங்கள். "எந்த விதி, எந்த வருடம், அரசாணை எண் என்ன?" எடுத்துக்காட்டாக, மேலே சொன்ன பக்கவாட்டு இடைவெளி தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ல் வருகிறது. நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறையின் அரசாணை (நிலை) எண் 18, நாள் 4.2.2019. இந்த ஒரு வரி கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எண்ணே சொல்ல முடியாத "விதி", பல நேரங்களில் அந்த அலுவலகத்தின் பழக்கம் மட்டுமே.

இரண்டாம் படி: காசு கொடுக்கும் முன் இலவசமாகத் தேடுங்கள்

மத்திய அரசிதழ் 2015 அக்டோபர் 1 முதல் அச்சில் வருவதில்லை. மின்னணு வடிவமே அதிகாரப்பூர்வ வெளியீடு. இ-கெஜட் தளத்தில் பிடிஎஃப் கோப்பாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். எந்தப் பகுதியில் தேடுவது என்று தெரியாமல்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அமைச்சகங்கள் போடும் பொதுவான விதிகள் பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு (i)-ல் ஜி.எஸ்.ஆர். என்ற எண்ணோடு வரும். ஆணைகளும் அறிவிக்கைகளும் உட்பிரிவு (ii)-ல் எஸ்.ஓ. என்ற எண்ணோடு வரும். சட்டப்படி அமைந்த அமைப்புகளின் ஒழுங்குமுறைகளை, உதாரணமாக உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஒழுங்குமுறைகளை, பகுதி 3, பிரிவு 4-ல் பாருங்கள்.

தமிழ்நாடு அரசிதழ் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் தளத்தில் கிடைக்கிறது. வாராந்திர இதழ் புதன்கிழமை வரும். அவசரமானவை சிறப்பு இதழாக இடையிலேயே வரும். பொது விதிகள் பகுதி 3, பிரிவு 1(அ)-விலும், அரசு ஊழியர் பணி விதிகள் 1(ஆ)-விலும், சட்டங்களும் மசோதாக்களும் பகுதி 4-லும் இருக்கும். அரசாணைகளுக்குத் தமிழ்நாடு அரசின் தளத்தில் துறைவாரியாகத் தனிப் பக்கம் உண்டு. மத்திய, மாநிலச் சட்டங்களின் திருத்திய வடிவத்துக்கு இந்தியா கோட் என்ற தளம். அங்கே சட்டங்கள் நன்றாகத் தொகுக்கப்பட்டிருக்கும். விதிகளை மட்டும் அதை நம்பி முடிவு செய்யாதீர்கள், திருத்தங்கள் விடுபட்டிருக்கக்கூடும்.

அரசிதழில் வந்ததை அச்சடித்து நாலு பேருக்குக் கொடுத்தால் பதிப்புரிமைத் தகராறு வருமா என்று சிலர் தயங்குவார்கள். வராது. பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52(1)(q) அரசிதழில் வந்தவற்றை மறுவெளியீடு செய்ய அனுமதிக்கிறது. சட்டங்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: விளக்கவுரையோ சொந்தக் குறிப்போ சேர்த்துத்தான் வெளியிட வேண்டும்.

மூன்றாம் படி: மனுப் போடாமலே கேட்கலாம்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 என்றாலே மனு, பத்து ரூபாய், முப்பது நாள் என்பதுதான் நினைவுக்கு வரும். பிரிவு 4-ஐப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தானாகவே வெளியிட வேண்டியவற்றை 4(1)(b) வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் ஐந்தாவது, தன் பணிகளைச் செய்ய ஊழியர்கள் பயன்படுத்தும் விதிகள், ஒழுங்குமுறைகள், அறிவுறுத்தல்கள், கையேடுகள், பதிவேடுகள். அதாவது "ஆபீஸ் காப்பி" என்று ஒளித்து வைக்கும் அதே புத்தகம். 4(4) இன்னொன்றும் சொல்கிறது: அதை இலவசமாகவோ, ஊடகத்தின் விலைக்கோ, அச்சு அடக்க விலைக்கோ தர வேண்டும். இலாபம் வைத்து விற்கும் பேச்சே இதில் இல்லை.

நடைமுறையில், பொதுத் தகவல் அலுவலருக்கு (ஆர்டிஐ மனுக்களுக்குப் பதில் தருபவர்) வெள்ளைத் தாளில் ஒரு கடிதம் கொடுங்கள்: "பிரிவு 4(1)(b)(v)-ன்படி வெளியிடப்பட்ட விதித் தொகுப்பைப் பார்வையிட விரும்புகிறேன்." கட்டணம் கிடையாது. பல அலுவலகங்களில் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துவிடுவார்கள். வைக்காவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலே அடுத்த படிக்குச் சான்று.

நான்காம் படி: மனுவை எழுதும் விதம்

இங்கே நடக்கும் தவறுதான் பின்னால் பணமாகவும் நாளாகவும் போகிறது. "கட்டட விதிகள் அனைத்தின் நகலும் வேண்டும்" என்று எழுதினால் ஐந்நூறு பக்கத்துக்குக் கட்டணக் கடிதம் வரும். "இன்று வரை திருத்தப்பட்ட தொகுப்பு வேண்டும்" என்று எழுதினால் "அப்படித் தொகுத்த ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை" என்று ஒற்றை வரிப் பதில் வரும். அந்தப் பதில் சட்டப்படி சரியும்கூட. இருக்கும் ஆவணத்தைத்தான் தர வேண்டும், இல்லாததைத் தயாரித்துத் தர வேண்டியதில்லை என்று 2011-ல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் மூலத்தையும் திருத்தங்களையும் பிரித்துக் கேளுங்கள்:

"1. மேற்படி விதிகளுக்கு அவை வெளியான நாள் முதல் இன்று வரை வந்த திருத்தங்களின் அரசாணை எண், நாள், அரசிதழில் வெளியான நாள் ஆகியவற்றைக் காட்டும் பதிவேட்டுப் பக்கத்தின் நகல்.
2. விதி எண் ____-ன் மூல வடிவம் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல்.
3. அந்த விதியை மாற்றிய ஒவ்வொரு திருத்த அறிவிக்கையின் சான்றிட்ட நகல்.
4. அந்த விதியைச் செயல்படுத்தத் துறைத் தலைவர் அனுப்பிய, தற்போது நடைமுறையில் உள்ள சுற்றறிக்கைகளின் நகல்.
5. மேற்கண்டவை மின்னணு வடிவில் இருப்பின் மின்னஞ்சலில் அனுப்பவும்."

ஐந்தாவது வரி சின்னதுதான், பணத்தை மிச்சம் பிடிப்பது அதுதான். கேட்ட வடிவத்திலேயே தர வேண்டும் என்பது ஆர்டிஐ சட்டத்தின் பிரிவு 7(9). அலுவலகத்தின் வளத்தை அளவுக்கு மீறி இழுத்தாலோ, ஆவணத்தின் பாதுகாப்புக்குக் கேடு வந்தாலோ மட்டுமே அந்த வடிவத்தை மறுக்கலாம். மின்னஞ்சலில் போகும் பிடிஎஃப் கோப்புக்குத் தாளும் இல்லை, தபாலும் இல்லை.

"ஏன்", "எதற்காக" என்ற கேள்விகளை மனுவில் வைக்காதீர்கள். உங்களுக்கு எதற்கு என்று அவர்களும் கேட்க முடியாது. பிரிவு 6(2) அதைத் தடுக்கிறது. மத்திய அலுவலகங்களுக்கு மனு 500 சொற்களுக்குள் இருப்பது நல்லது. கூடிவிட்டால் அதை மட்டும் காரணம் காட்டித் திருப்ப முடியாது என்று மத்திய அரசின் 2012-ஆம் ஆண்டு ஆர்டிஐ விதிகளே சொல்கின்றன.

ஐந்தாம் படி: பத்து ரூபாயைக் கட்டும் வழி

மத்திய அலுவலகத்துக்கும் தமிழ்நாடு அரசு அலுவலகத்துக்கும் விண்ணப்பக் கட்டணம் ஒன்றுதான், 10 ரூபாய். கட்டும் வழிதான் வேறு. தமிழ்நாட்டில் மனுவின் மேல் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிவிட்டால் போதும். நீதிமன்ற வளாக முத்திரைத்தாள் விற்பனையாளர்களிடம் கிடைக்கும். அதே வில்லையை ஒட்டி வருமான வரி அலுவலகத்துக்கோ ரயில்வேக்கோ அனுப்பினால் திரும்பி வரும். அங்கே கணக்கு அலுவலர் பெயருக்கு எடுத்த இந்தியன் போஸ்டல் ஆர்டர், டி.டி., வங்கியாளர் காசோலை, நேரில் ரொக்கம் ஆகியவை செல்லும். தபால் செலவே வேண்டாம் என்றால் மத்திய அரசின் ஆர்டிஐ ஆன்லைன் தளத்தில் கட்டலாம். மாநில அலுவலகங்களுக்குப் போஸ்டல் ஆர்டர் அனுப்பித் தகராறை விலைக்கு வாங்க வேண்டாம்.

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மனுக் கட்டணமும் இல்லை, நகல் கட்டணமும் இல்லை, பிரிவு 7(5). சான்றின் நகலை மனுவோடு சேர்த்துத் தைத்து, மனுவின் முதல் வரியிலேயே அதைக் குறிப்பிடுங்கள்.

அலுவலகம் மாறிப் போய்விட்டாலும் கவலை இல்லை. 6(3)-ன்படி ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். இரண்டாவது கட்டணம் கேட்க முடியாது.

ஆறாம் படி: கட்டணக் கடிதத்தைப் பிரித்துப் பாருங்கள்

மனு போய் இரண்டு வாரத்தில் ஒரு கடிதம் வரும்: "தாங்கள் கோரிய ஆவணங்கள் 148 பக்கங்கள். நகல் கட்டணம் ரூ.296, தபால் செலவு ரூ.72, தேடுதல் மற்றும் பணியாளர் செலவு ரூ.800, ஆக மொத்தம் ரூ.1,168 செலுத்தவும்." இது ஒரு மாதிரிதான் என்றாலும் இந்த உருவத்தில் கடிதங்கள் வரும். வரிவரியாகப் பார்ப்போம்.

148 பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய், ஆக 296. சரி. ஏ4, ஏ3 எதுவானாலும் மத்தியிலும் தமிழ்நாட்டிலும் 2 ரூபாய்தான். வரைபடம் போன்ற பெரிய தாளுக்கு மட்டும் உண்மையான அடக்க விலை. 148 என்ற எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்ள வேண்டாம். எந்த ஆவணம் எத்தனை பக்கம் என்ற பிரிவு கடிதத்தில் இருக்க வேண்டும். தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது 7(3).

தபால் 72 ரூபாய். மத்திய அலுவலகமானால் 50 ரூபாய் வரை அவர்கள் செலவு. அதற்கு மேல் உள்ள 22 மட்டும் உங்கள் பொறுப்பு. நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றால் அதுவும் இல்லை.

தேடுதல், பணியாளர் செலவு 800. இப்படி ஒரு தலைப்பு கட்டண விதிகளில் கிடையவே கிடையாது. ஊழியரின் சம்பளத்தை மனுதாரர் தலையில் கட்ட முடியாது. ஜிஎஸ்டி என்று ஒரு வரி சேர்ந்திருந்தால் அதையும் அடியுங்கள். ஆர்டிஐ வழியே தகவல் தருவதற்கு 2018 ஜனவரி முதல் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. சான்றிட்ட நகல் என்பதற்காகக் கூடுதல் கட்டணமும் இல்லை. சட்டத்தின் 2(j) தகவல் உரிமை என்பதற்குள்ளேயே சான்றிட்ட நகலையும் சேர்த்திருக்கிறது. "தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் வழங்கப்பட்ட உண்மை நகல்" என்ற முத்திரை, கையெழுத்து, பெயர், பதவி, தேதி. இவை இருந்தால் போதும்.

ஆக, மத்திய அலுவலகம் கேட்கக்கூடியது 296 + 22 = 318 ரூபாய். 1,168 அல்ல.

தகராறு செய்துகொண்டு சும்மா இருக்காதீர்கள், நாள் ஓடிவிடும். 318-ஐக் கட்டிவிட்டு, மீதிக்கு எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்று எழுதுங்கள். கடிதம் அவர்கள் கையைவிட்டுப் போன நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை முப்பது நாள் கணக்கு நின்றிருக்கும். மனு மார்ச் 1 அன்று கிடைத்து, மார்ச் 15 அன்று கட்டணக் கடிதம் புறப்பட்டு, நீங்கள் மார்ச் 25 அன்று கட்டினால், கெடு மார்ச் 31 அல்ல. பத்து நாள் தள்ளி ஏப்ரல் 10. மாறாக, கெடு முடிந்த பிறகு கட்டணக் கடிதமே புறப்பட்டிருந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. 7(6)-ன்படி முழுவதும் இலவசம். அஞ்சல் உறையைத் தூக்கி எறியாதீர்கள். கடிதத்தில் ஒரு தேதியும் உறை முத்திரையில் வேறு தேதியும் இருப்பது உண்டு.

விலையிட்ட வெளியீடு என்றால் கணக்கு வேறு. மத்திய விதிகளின்படி முழுப் புத்தகத்துக்கு அதன் விலை. அதிலிருந்து சில பக்கம் மட்டும் என்றால் பக்கத்துக்கு 2 ரூபாய். நானூறு ரூபாய்ப் புத்தகத்தில் உங்களுக்கு வேண்டியது 12 பக்கமானால் 24 ரூபாய்தான் செலவு. "புத்தகமாகத்தான் விற்போம்" என்ற பதில் நிற்காது.

மேல் வரம்பு பற்றி ஒரு தீர்ப்பு. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆர்டிஐ மனுவுக்கு 500 ரூபாய் வைத்திருந்தது. 2018 மார்ச் 20 அன்று காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுவாக மனுவுக்கு 50 ரூபாய்க்கு மேலும் பக்கத்துக்கு 5 ரூபாய்க்கு மேலும் போகக் கூடாது என்றது. சொந்தக் கட்டண விதி வைத்திருக்கும் அமைப்புகளிடம் இதைக் காட்டலாம்.

பக்கம் பெருத்தால் நேரில் பாருங்கள்

முந்நூறு பக்கக் கோப்பில் உங்களுக்கு வேண்டியது பத்து பக்கம் என்றால் நகல் கேட்காமல் ஆய்வு கேளுங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம். மத்திய அலுவலகங்களில் அதற்குப் பிறகு மணிக்கு 5 ரூபாய். பார்த்து, குறிப்பெடுத்து, வேண்டிய பக்கங்களின் எண்களை ஒரு தாளில் எழுதி அங்கேயே கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். சுற்றறிக்கைகளுக்கு இதுதான் சிறந்த வழி. கோப்பில் எது எந்த இடத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

தரநிலைகள்: விதிக்குள் ஒளிந்திருக்கும் விதி

விதியில் "இந்தியத் தரநிலை எண் இன்னதன்படி இருக்க வேண்டும்" என்று ஒரு வரி வரும். அந்தத் தரநிலை அரசிதழில் இருக்காது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம்தான் இருக்கும், நெடுங்காலம் அது விற்பனைச் சரக்காகவே இருந்தது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித் தொகுப்பின் விலை 13,760 ரூபாய். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்பதை அறிய ஒரு குடும்பத்தின் மாதச் செலவு! இந்த விலையும் பதிப்புரிமைக் கட்டுப்பாடும் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயின.

இப்போது நிலைமை தேவலை. இங்கேயே எழுதப்பட்ட தரநிலைகளை அமைவனத்தின் தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கலாம். ஐஎஸ்ஓ, ஐஇசி என்ற பன்னாட்டுத் தர அமைப்புகளுடையதை அப்படியே ஏற்றுக்கொண்டவை மட்டும் விலைக்கு. அவற்றை எண்ணிலேயே அடையாளம் காணலாம்: ஐஎஸ் எண்ணுக்குப் பின் சாய்கோடு போட்டு ஐஎஸ்ஓ அல்லது ஐஇசி என்று இருக்கும். வாங்கும் முன் விதி குறிப்பிடும் ஆண்டும் நீங்கள் வாங்கப்போகும் பதிப்பின் ஆண்டும் ஒன்றா என்று பாருங்கள். பழைய பதிப்பை வாங்கிவிட்டுத் தலையில் கை வைப்பது இந்தத் துறையில் அன்றாடக் காட்சி.

வழக்கமான மறுப்புகள்

"பதிப்புரிமை உள்ளது, தர முடியாது." ஆர்டிஐ சட்டத்தின் பிரிவு 9 பேசுவது அரசு அல்லாத ஒருவரின் பதிப்புரிமையைப் பற்றி மட்டுமே. அரசுக்குச் சொந்தமான பதிப்புரிமை மறுப்புக்குக் காரணம் ஆகாது. ஐஎஸ்ஓ தரநிலையைக் கேட்டு இதே பதில் வந்தால் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு.

"இணையத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்." முகப்புப் பக்கத்தின் பெயரை மட்டும் சொன்னால் அது பதில் ஆகாது, எந்தப் பக்கம், எந்தக் கோப்பு என்று கேளுங்கள். கையில் இணையம் இல்லையென்றால் 2 ரூபாய் கட்டி நகல் வாங்க வழி இருக்கிறது.

"எங்களுக்குத் தனிக் கட்டண முறை இருக்கிறது." இதில் இரண்டு பக்கமும் தீர்ப்பு உண்டு. நீதிமன்ற ஆவணங்களுக்கு நீதிமன்ற விதிப்படிதான் நகல் வாங்க வேண்டும், ஆர்டிஐ வழியாக அல்ல என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கம்பெனி செயலர்கள் கழகம் விடைத்தாள் நகலுக்கு 500 ரூபாய் கேட்ட வழக்கில், ஆர்டிஐ வழியாகக் கேட்டால் ஆர்டிஐ கட்டணமே பொருந்தும் என்று அதே நீதிமன்றம் 2019-ல் சொன்னது. தீர்ப்பு நகல், வில்லங்கச் சான்று, பட்டா போன்ற தனிப்பட்ட ஆவணங்களுக்கு அந்தந்த முறையிலேயே போங்கள். எல்லோருக்கும் பொதுவான விதிக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை.

வழக்கில் தாக்கல் செய்வதானால் மட்டும் ஒரு எச்சரிக்கை. பொது ஆவணத்தின் சான்றிட்ட நகலை உரிய கட்டணத்துக்குத் தர வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 75. மனுவில் இந்தப் பிரிவையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். பின்னால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்க இடம் இருக்காது.

மேல்முறையீடு

பதில் வந்த நாளிலிருந்தோ, பதிலே வராவிட்டால் கெடு முடிந்த நாளிலிருந்தோ 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். கட்டணம் இல்லை. அவர் 30 நாளில், காரணம் எழுதி வைத்தால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம் அல்லது மத்தியத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்தில் அபராதம் விழும் என்பதால், முதல் மேல்முறையீட்டு மனு போனதுமே நகல் தயாராகிவிடுவது உண்டு.

கூடுதல் கட்டணம் பற்றிய மேல்முறையீட்டில் கட்டணக் கடிதத்தின் நகல், நீங்கள் கட்டிய ரசீது, நீங்கள் போட்ட கணக்கு ஆகிய மூன்றையும் இணைத்து, கோரிக்கையை ஒரே வரியில் வையுங்கள்: "ரூ.850 எந்த விதியின் கீழ் கோரப்பட்டது என்பதைத் தெரிவிக்கவும். விதி இல்லையெனில் அத்தொகையை நீக்கி, ஏற்கனவே செலுத்திய ரூ.318-க்கு ஆவணங்களை வழங்க உத்தரவிடவும்."